ஒரே பானையில் எல்லோருக்கும்

கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிலருடைய சிறுகுடலைப் பாதித்துவிடும். இதற்குச் சீலியாக் நோய் என்று பெயர். வாழ்நாள் முழுக்கக் குளூட்டனைத் தவிர்ப்பதுதான் இதற்குச் சிகிச்சை.

வீட்டில் ஒரு பிள்ளைக்கு இது வந்துவிட்டால், குளூட்டன் இல்லாத ரொட்டி, பிஸ்கட் என்று விலை கூடிய பொட்டலங்களைத் தேடி அலையத் தோன்றும். அலைய வேண்டாம். இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, கேழ்வரகுக் களி, கம்பங்கூழ் எதிலும் இயல்பாகவே குளூட்டன் கிடையாது. ரேஷன் அரிசியிலேயே முழுக் குடும்பத்துக்கும் ஒரே சமையல் ஆகிவிடும்.

காசைவிடக் கவனம்தான் அதிகம் தேவை. இட்லியில் குளூட்டன் இருக்காது. ஆனால் சாம்பாரில் இருக்கலாம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். பொட்டலத்தில் போட்டிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். ரவையும் கோதுமைதான். மைதாச் சேமியாவும் அப்படியே. மாவு மில்லில் கோதுமை அரைத்த கையோடு உங்கள் கேழ்வரகைக் கொட்டினால் அதிலும் கோதுமை ஒட்டிக்கொள்ளும். நன்றாகக் கழுவிய மிக்சியில் வீட்டிலேயே அரைத்துச் சலித்துக்கொள்வது நல்லது. சப்பாத்திக்கும் தோசைக்கும் கல் தனித்தனியாக இருக்கட்டும்.

முக்கியமான ஒன்று. சந்தேகம் வந்ததுமே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தி நாளானால் ரத்தப் பரிசோதனையில் நோய் பிடிபடாமல் போகலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.