ஆண்ட்ரோஜன் உணராமை

ஆண்ட்ரோஜன் உணராமை என்பது, ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண்மை இயக்குநீர்களை (ஹார்மோன்களை) உடலின் உயிரணுக்கள் முழுமையாகவோ பகுதியாகவோ உணர இயலாத பிறவி நிலை ஆகும். இந்நிலை உடையோர் எக்ஸ்-ஒய் நிறப்புரிகளைக் (குரோமோசோம்களைக்) கொண்டிருப்பர். அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஜான் மோரிஸ் 1953 ஆம் ஆண்டில் 82 பேரின் விவரங்களைத் தொகுத்து இதனை விளக்கினார்.

காரணம்

எக்ஸ் நிறப்புரியிலுள்ள ஒரு மரபணு, ஆண்ட்ரோஜன் ஏற்பியை உருவாக்குகிறது. இயக்குநீரைச் சாவி எனக் கொண்டால் ஏற்பி பூட்டு ஆகும். மரபணு மாற்றத்தால் பூட்டு பழுதுபட்டிருப்பின், சாவி இருந்தும் பயனில்லை. விந்தகங்கள் உடலினுள் உருவாகி டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. உடல் அதற்கு இணங்குவதில்லை. விந்தகங்கள் சுரக்கும் மற்றோர் இயக்குநீர் கருப்பை உருவாவதைத் தடுக்கிறது.

வகைகள்

* முழுமையான உணராமை: புறத்தோற்றம் பெண்ணுடையது. டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறுவதால் மார்பகங்கள் வளரும், மாதவிடாய் வாராது.
* பகுதி உணராமை: பிறப்புறுப்பு ஆண், பெண் அமைப்புகளுக்கு இடைப்பட்டதாக இருக்கலாம்.
* மிதமான உணராமை: தோற்றம் ஆணுடையது, கருவளம் குறையலாம்.

கண்டறிதல்

பெண் குழந்தையின் கவட்டைக் குடலிறக்கம், பூப்பெய்தும் வயது கடந்தும் மாதவிடாய் வாராமை ஆகியன முதல் அறிகுறிகளாக அமைவதுண்டு. நிறப்புரி, இயக்குநீர், மரபணுச் சோதனைகள் இதனை உறுதிசெய்யும். 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் குறைபாடு போன்ற நிலைகளிலிருந்து இதனை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். பிறப்புறுப்பு இடைப்பட்டதாக உள்ள குழந்தைக்குப் பிறவி அண்ணீரக மிகைப்பு உள்ளதா என்பதையும் விரைந்து ஆராய்தல் வேண்டும். அந்நோயில் ஏற்படும் உப்பு இழப்பு உயிருக்கே ஆபத்தாகலாம்.

மருத்துவம்

முழுமையான வகையில் பூப்புப் பருவத்திற்கு முன் விந்தகங்களில் புற்று தோன்றுவது அரிது. ஆகவே அவற்றைப் பருவம் முடியும்வரை விட்டுவைப்பது வழக்கம். அகற்றினால், எலும்புகள் நலியாதிருக்க ஈஸ்ட்ரோஜன் உட்கொள்ளுதல் வேண்டும்.

தகவலும் ஆதரவும்

முற்காலத்தில் மருத்துவர்கள் உண்மையை மறைத்து, சூலகங்கள் அகற்றப்பட்டதாகக் கூறிவந்தனர். பின்னாளில் மருத்துவக் குறிப்புகள் வழியே தற்செயலாக அறிய நேர்ந்தோர், தம்மைப் போன்ற எவரும் இலர் என எண்ணித் தனிமையுற்றனர். எசுப்பானிய ஓட்ட வீராங்கனை மரியா ஓசே மார்ட்டினெஸ் பத்தீன்யோ, 1985 ஆம் ஆண்டு கோபே நகரில் நடந்த பாலினச் சோதனையின் பின்னரே தம் நிலையை அறிந்தார். 1988 ஆம் ஆண்டில் மீண்டும் போட்டியிடும் தகுதி பெற்றார்.

அதே 1988 ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் இந்நிலை உடைய சிறுமி ஒருவரின் தாய் ஆதரவுக் குழு ஒன்றைத் தொடங்கினார். 2006 ஆம் ஆண்டில் வெளியான பன்னாட்டு மருத்துவ இணக்க அறிக்கை, நோயாளிக்கும் பெற்றோருக்கும் ஒளிவின்றித் தெரிவித்தலையும் உளவியல் துணையையும் ஆதரவுக் குழுக்களின் பங்கையும் வலியுறுத்தியது. இன்று அகச்சுரப்பியியல் மருத்துவர், மரபியல் ஆலோசகர், உளவியலாளர் ஆகியோர் இணைந்து வழிகாட்டுவதே சிறந்த முறையாகக் கருதப்படுகிறது. குழந்தைக்கு உண்மையை அதன் வயதிற்கேற்பச் சிறிது சிறிதாகக் கூறுதல் நலம்.

தமிழ்நாட்டில்

இடைப்பால் குழந்தைகளுக்குச் செய்யப்படும் பாலின மாற்ற அறுவைகளைத் தடைசெய்யுமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு, உயிருக்கு ஆபத்தான நிலைகள் தவிர்த்து, இவற்றைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தது.