தூரிகை தொடாத ஓவியம்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு)

ஓவியம் தீட்டத் தூரிகை வேண்டும், கற்பிக்க ஆசிரியர் வேண்டும், சிறு வயதிலேயே பழக வேண்டும் என்று நாம் எண்ணுகிறோம். இவை இல்லாமலே ஓவியரான ஒரு தாயைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

ஜேனட் சோபெல் இன்றைய உக்ரைன் நாட்டில் 1893-இல் பிறந்தார். யூதருக்கு எதிரான கலவரத்தில் தந்தையை இழந்து, 1908-இல் தாயுடன் அமெரிக்கா சென்றார். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஐந்து பிள்ளைகளை வளர்த்தார். நாற்பது வயதைக் கடந்த பிறகே, ஓவியம் பயின்ற மகனின் வண்ணங்களை எடுத்து வரையத் தொடங்கினார்.

அவர் கித்தானைத் தரையில் விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டே வேலை செய்வாராம்! கண்மருந்து விடும் கண்ணாடிக் குழலால் எனாமல் பெயின்டைச் சொட்டுவார், ஊற்றுவார். காயுமுன் வாயால் ஊதுவார், கித்தானைச் சாய்ப்பார். வண்ணம் நூல்போல் இழையும். ஈரத்தின் மேல் ஊற்றினால் இரு நிறங்களும் ஒன்றில் ஒன்று ஓடி வரிவரியாகும். காய்ந்த பின் ஊற்றினால் கோடு தனித்து மேலே நிற்கும். ஆகவே, எப்போது ஊற்றுவது, எவ்வளவு பொறுப்பது என்பதில்தான் திறமை.

“தானாக வழிவதில் என்ன திறமை?” என்று என் தம்பி கேட்டான். பேனாவுக்கு மை நிரப்பும் பில்லரால் வரைதாளில் சொட்டிப் பார்த்தோம். கிடைத்தது ஒரு பெரிய கறையும் அம்மாவின் வசவும்தான்! மையைத் தாள் உறிஞ்சிவிடுகிறது. எனாமல் குழம்புபோல் மேலேயே நிற்கிறது என்பது பிறகுதான் புரிந்தது.

1944-இல் ‘இசை’ என்னும் ஓவியத்தைப் படைத்தார். சோவியத் இசைமேதை ஷோஸ்டகோவிச்சின் இசை, போரால் சிதைந்த உலகில் தமக்குள் எழுப்பிய உணர்வையே அதில் காட்ட முயன்றதாகச் சொன்னார். முகத்தை வரையாவிட்டாலும், அதை அந்த இசைமேதையின் உருவப்படம் என்றே சொல்லத் தோன்றுகிறது எனக்கு.

1946-இல் பெக்கி குகன்ஹைமின் கலைக்கூடத்தில் அவரது தனிக் கண்காட்சி நடந்தது. ஆனால் வண்ணத்தைச் சொட்டி வரைவதன் புகழெல்லாம் ஜாக்சன் பொல்லாக்கைச் சேர்ந்தது. சோபெலின் படங்கள் தம் மனத்தில் பதிந்ததைப் பொல்லாக்கே ஒப்புக்கொண்டதாக விமர்சகர் கிளெமென்ட் கிரீன்பர்க் எழுதினார். அப்படி எழுதியவரும் சோபெலை வெறும் இல்லத்தரசியாகவே குறிப்பிட்டார். இது நியாயமா?

பின்னர் பெயின்ட் அவர் உடலுக்கு ஒவ்வாமல் போயிற்று. அவரோ விடவில்லை, கிரேயான் குச்சிகளால் வரைந்தார். 1968-இல் மறைந்தார். அவரது ‘பால்வீதி’ (1945) இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. அதனை வழங்கியவர்கள் அவருடைய குடும்பத்தாரே.