கொரிய மொழி கற்க முனைவோர் கவனத்திற்கு

தென்கொரியாவில் தொழில் பெறும் நோக்குடன் அந்நாட்டு மொழியைக் கற்க முனைவோர் எமது நாட்டில் பலராவர். 2004ஆம் ஆண்டு கொரியா நடைமுறைப்படுத்திய தொழில் அனுமதி முறைமையின் கீழ் அங்கு செல்ல விரும்பும் 18 முதல் 39 வயது வரையானோர், முதலில் மொழித் திறன் பரீட்சையில் சித்தியடைதல் வேண்டும். வாசித்தலும் செவிமடுத்தலும் அதில் சோதிக்கப்படுகின்றன.

பாடசாலையை விட்டு நீங்கிப் பல்லாண்டுகள் கழிந்த பின்னர் மீண்டும் அரிச்சுவடி எழுத அமர்வோருக்குத் தயக்கம் எழுவது இயல்பே. எனினும், தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோருக்கு இதில் சில அனுகூலங்கள் உண்டு.

செஜோங் மன்னரால் 1446ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட கொரிய நெடுங்கணக்கில் அடிப்படை மெய்கள் 14, உயிர்கள் 10 மாத்திரமே. மெய்யும் உயிரும் இணைந்து ஓர் அசையாக ஒரே கட்டத்துள் எழுதப்படுவது எமது உயிர்மெய்யை நினைவூட்டும். வாக்கியத்தின் இறுதியில் வினை வருவதும், பெயரின் பின்னால் உருபுகள் ஒட்டுவதும், கேட்பவரின் வயதுக்கும் தகுதிக்கும் ஏற்ப வினைமுடிவு மாறுவதும் எமக்குப் புதியவை அல்ல.

இடர்ப்பாடு ஒலியிலேயே உள்ளது. எமது 'க'கரம் உள்ள இடத்தில், கொரிய மொழியில் மென்மையாகவும், மூச்சை வெளிவிட்டும், தொண்டையை இறுக்கியும் ஒலிக்கும் மூன்று தனி எழுத்துகள் உள்ளன. ஒலி மாறினால் பொருளும் மாறும். குழந்தையின் செவி புதிய ஒலியை உள்ளவாறே ஏற்கும். வளர்ந்தோரின் செவியோ அதைத் தாய்மொழி ஒலியாகவே மாற்றிக் கேட்கும். எனவே, வாரத்தில் ஒரு நாள் பல மணி நேரம் படிப்பதிலும் பார்க்க, நாள்தோறும் அரை மணி நேரம் கேட்டு, உரத்துச் சொல்லிப் பழகுவதே பயன் தரும்.

குர்ஆன் மத்ரஸாக்களில் எழுத்துக்கூட்டி ஓதப் பழகியவர்கள், எழுத்தை ஒலிப்பதும் பொருளை உணர்வதும் வெவ்வேறு பயிற்சிகள் என்பதை நன்கறிவர். இங்கும் அவ்வாறே. வினாத்தொகுப்பை மனனம் செய்து புள்ளி பெறலாம். ஆனால், இயந்திரத்தின் மீதுள்ள எச்சரிக்கையை வாசிக்கவோ, மேற்பார்வையாளர் 'நிறுத்து' எனக் கூவுவதை அக்கணமே விளங்கிக்கொள்ளவோ அந்த மனனம் உதவாது. அங்கு பணயமாக இருப்பது புள்ளியன்று, உயிராகும்.

மற்றுமொன்றையும் நினைவுறுத்த விரும்புகின்றோம். பரீட்சையில் சித்தியடைவது தொழிலுக்கான உத்தரவாதமன்று. தகைமை பெற்றோர் பட்டியலிலிருந்து தொழில் வழங்குநரே ஆளைத் தெரிவு செய்கின்றார். இது இரு அரசாங்கங்களுக்கிடையிலான ஏற்பாடாகையால் இடைத்தரகர்களுக்கு இதில் இடமில்லை. தரகருக்குக் கொடுக்கும் பணம் திரும்பி வராது போகலாம். மொழிக்காகச் செலவிடும் உழைப்போ ஒருபோதும் வீண்போவதில்லை என்பதே எமது கருத்தாகும்.