பெயர் கேட்டு வேகம் தரும் நிரல்

பாகூர்ப் பக்கத்து வயல்களில் நடவு நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் தனியே நடுவதும், நால்வர் வரிசையாக நின்று நடுவதும் ஒன்றாகுமா? கணிப்பொறியின் நுண்செயலியிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. எஸ்.எஸ்.இ. எனப்படும் கட்டளைகளில் ஒன்றே நான்கு ஜோடி எண்களை ஒரே சமயத்தில் கூட்டிவிடும். இன்டெல் நிறுவனம் 1999-இல் பென்டியம் 3 செயலியில் இதைக் கொண்டுவந்தது. போட்டி நிறுவனமான ஏ.எம்.டி.யும் பின்னர் இவற்றைத் தன் செயலிகளில் சேர்த்துக்கொண்டது.

ஆனால் செயலியில் வசதி இருந்தால் மட்டும் போதாது. நிரல் அதைப் பயன்படுத்த வேண்டும். நாம் எழுதும் நிரலைச் செயலிக்குரிய கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர். இன்டெல்லின் கம்பைலர் ஒரே கணக்குக்கு மெதுவான வழி, விரைவான வழி என இரண்டையும் எழுதி வைக்கும். நிரல் ஓடும்போது செயலியை விசாரித்து, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்.

விசாரிக்கும் முறையில்தான் சிக்கல். செயலியிடம் "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்கலாம், "உன் பெயர் என்ன?" என்றும் கேட்கலாம். இரண்டுக்குமே அது விடை தரும். இன்டெல்லின் கம்பைலர் பெயரையும் கேட்டது. வேறு நிறுவனத்துச் செயலி என்றால், திறமை இருந்தும் மெதுவான வழியே கிடைத்தது. நடவுக்கு நால்வர் வந்து நிற்க, ஊர்ப்பெயரைக் கேட்டு ஒருவரை மட்டும் வயலில் இறக்கிய கதைதான்!

பெயருக்கு அவ்வளவு மதிப்பா என்கிறீர்களா? வியா நிறுவனத்தின் நானோ செயலியில் இந்தப் பெயரை மாற்றி அமைக்க முடியும். 2008-இல் அப்படி இன்டெல்லின் பெயரைச் சூட்டிப் பார்த்தபோது, பிசிமார்க் 2005 என்னும் அளவீட்டு நிரலின் நினைவகச் சோதனையில் மதிப்பெண் சுமார் 47 சதவீதம் உயர்ந்தது. ஏ.எம்.டி. பெயருக்குச் சுமார் 10 சதவீதம்தான். இது கம்பைலரின் வேலையா, நிரல் எழுதியவரின் வேலையா என்பது வேறு கேள்வி. செயலியில் மட்டும் ஓர் இழைகூட மாறவில்லை.

தன் செயலிக்கு ஏற்றபடி ஒரு நிறுவனம் நிரலைச் செப்பனிடுவது தவறல்ல. வாங்குபவரிடம் சொல்லாமல் மறைப்பதே தவறு. ஏ.எம்.டி. 2005-இல் தொடுத்த வழக்கில் இந்தக் குற்றச்சாட்டும் இருந்தது. 2009 நவம்பரில் 125 கோடி டாலர் தர இன்டெல் ஒப்புக்கொண்டு சமரசமாயிற்று. கம்பைலரின் இந்தப் போக்கை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்று 2010-இல் அமெரிக்க வணிக ஆணையமும் நிபந்தனை விதித்தது.

வரைகலை அட்டைகளும் சளைத்தவை அல்ல. 2001-இல் ஏ.டி.ஐ. நிறுவனத்தின் ரேடியான் 8500 அட்டையில் 'குவேக் 3' விளையாட்டு விரைவாக ஓடியது. அந்த நிரலின் பெயரைக் 'குவாக்' என்று மாற்றியதும் வேகம் குறைந்தது! 'குவேக்' என்ற பெயரைக் கண்டதும் படத்தின் துல்லியத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டியிருந்தது, அட்டையை இயக்கும் நிரல்.

வில்லியனூரிலிருந்து ஒரு மாணவர் தந்தையின் அறுவடைப் பணத்தோடு புதுச்சேரிக் கடைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கணிப்பொறி மற்றதைவிட 10 சதவீதம் விரைவானது என்று பட்டியல் காட்டுகிறார்கள். எந்த நிரலைக்கொண்டு அளந்தார்கள் என்று அவர் கேட்க வேண்டும். (கடைக்காரருக்குத் தெரிந்திருக்காது, அது போகட்டும்.) தாம் நாள்தோறும் பயன்படுத்தப்போகும் நிரலையே இரண்டிலும் ஓட்டச் சொல்லி, கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம்.