ஒரே காற்று: இங்கே மழை, ஊவாவில் நெருப்பு

ஆடி மாதத்தில் கொழும்புப் பத்திரிகையைப் பிரித்தால் இரண்டு செய்திகள் அடிக்கடி பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். ஒன்று, நுவரெலியா, இரத்தினபுரி மாவட்டங்களுக்கு மண்சரிவு எச்சரிக்கை. மற்றது, எல்ல அல்லது அப்புத்தளைப் பக்கம் மலை எரிகிறது, இராணுவமும் பொலிஸாரும் ஊர்மக்களும் அணைக்கப் போராடுகிறார்கள் என்பது. நுவரெலியாவுக்கும் எல்லவுக்கும் நேர்கோட்டில் 30 கிலோமீற்றர்தான் தூரம். நுகேகொடையில் குடையை மடிக்க முடியாத நாளில் அங்கே புல் பற்றி எரிகிறது.

இதற்கு இப்போது எல்லோரும் சொல்லும் விளக்கம் காலநிலை மாற்றம். சூடாகும் உலகம் புல்லைச் சீக்கிரம் உலர்த்தும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒரு சொல்லோடு கதையை முடித்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இலங்கையில் காட்டுத்தீ ஏறக்குறைய எல்லாமே மனிதக் கையால் தொடங்குபவை. மாட்டுக்கு இளம்புல் முளைக்கட்டும் என்று ஒருவர் கொளுத்துவார், வேட்டைக்கு ஒருவர், காணி துப்புரவாக்க ஒருவர். சிகரெட் துண்டை வீசிவிட்டுப் போகிறவரும் உண்டு. அந்தச் சின்ன நெருப்பை மலை முழுவதும் கொண்டுபோவது காற்று. அதே காற்றுத்தான் நம் தலையில் மழையையும் கொட்டுகிறது.

கோட்டையிலிருந்து பதுளைக்கு ரயிலில் போனவர்களுக்கு இது பழக்கமான காட்சி. பட்டிப்பொல தாண்டி, 1,898 மீற்றர் உயரத்தில் பாதையின் உச்சி. அதையடுத்துள்ள சுரங்கத்துக்குள் ரயில் பனிமூட்டத்தோடும் தூறலோடும் நுழையும். ஓஹியப் பக்கம் வெளியே வரும்போது பல நாட்களில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அந்த மலைமுகட்டைக் கடக்கையில் காற்றுக்கு என்ன நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விடயம்.

நம் வீட்டுப் பெண்கள் பிடிக்கும் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இந்து சமுத்திரத்தின் மேல் ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 25 இலட்சம் யூல் வெப்பம் செலவாகிறது. அந்த வெப்பம் காற்றைச் சுடவைப்பதில்லை. நீராவிக்குள் சீட்டுக்காசாகக் கட்டப்பட்டுக் கிடக்கிறது. சமுத்திரம்தான் தாய்ச்சி. தென்மேல் பருவக்காற்று ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தூரம் சீட்டுக் கட்டிக்கொண்டே நம் கரைக்கு வந்து சேர்கிறது. கட்டிய காசு நிறைய, கையில் புழங்கும் காசு கொஞ்சம்.

இனி மலை. மேலே ஏற ஏற அமுக்கம் குறையும், காற்று விரியும். விரிவதற்கான செலவைத் தன் வெப்பத்திலிருந்துதான் அது கொடுக்க வேண்டும். ஒரு கிலோமீற்றர் ஏறினால் ஏறத்தாழ 10 பாகை குளிரும். இந்தக் குளிரில் முகில் கட்டத் தொடங்கும்போது சீட்டு விழுகிறது! நீராவி நீர்த்துளியாகிறது, கடலில் கட்டிய வெப்பம் முழுவதும் காற்றின் கைக்கு வருகிறது. செலவு நிற்கவில்லை, ஆனால் அதில் ஏறத்தாழ பாதியைச் சீட்டுக்காசு ஈடுகட்டிவிடுகிறது. அதனால் முகிலுக்குள் ஏறும் காற்று கிலோமீற்றருக்கு 5 பாகை மட்டும் குளிர்கிறது. காசு எடுத்தபின் வேண்டாத சீட்டுத் துண்டுகளைக் கீழே போட்டுவிட்டு அது மேலே போகிறது. கினிகத்தேனை, வட்டவளைப் பக்கங்களில் கொட்டும் மழை அந்தத் துண்டுகள்தான்.

முகட்டைத் தாண்டியதும் காற்று ஊவாப் பக்கம் இறங்குகிறது. இறங்கும்போது அமுங்குகிறது, அமுங்கினால் சூடாகிறது. ஏறும்போது கொடுத்த செலவு இப்போது கிலோமீற்றருக்கு 10 பாகை என்ற முழு வீதத்தில் திரும்பி வருகிறது. திருப்பிக் கட்டச் சொல்லிக் கேட்கத் தாய்ச்சி அங்கே இல்லை, சமுத்திரம் மலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. ஏறும்போது அரைச் செலவு, இறங்கும்போது முழு வரவு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கடல் மட்டத்தில் 27 பாகை. 500 மீற்றரில் முகில் கட்டும் என்று வைத்தால் அங்கே 22. அங்கிருந்து 2,000 மீற்றர் வரை முகிலுக்குள் ஏறினால் 14.5. மறுபக்கம் 200 மீற்றர் உயரத்தில் வெல்லவாய. அங்கே இறங்கும்போது 32.5. உச்சியில் 100 சதவீதமாக இருந்த சாரீரப்பதன் இப்போது ஏறக்குறைய 40. அதற்கு மேல், முகில் கலைந்த வானத்தின் நேர் வெயில். இதே காற்றைத்தான் மட்டக்களப்பார் கச்சான் என்கிறார்கள். கடற்காற்றையே தள்ளிவிட்டு, கடற்கரை ஊரில் வெப்பத்தை 38 பாகைக்கு அருகே ஏற்றிவிடும் வலிமை அதற்கு உண்டு.

இப்படி வெளியாகும் வெப்பம் எவ்வளவு என்று பார்ப்போம். ஒரு சதுர மீற்றரில் 7 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 7 கிலோ நீர். அந்த நீர் முகிலுக்குள் திரண்டபோது வெளியிட்ட வெப்பம், ஒரு கிலோ காய்ந்த புல் எரிந்தால் வருமளவு. மேற்குச் சரிவில் சில இடங்களில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது.

வரலாறு வேண்டுமென்றால் சுருக்கமாக: அல்ப்ஸ் மலையின் இத்தகைய வெப்பக் காற்று சகாராவிலிருந்து வருகிறது என்று ஐரோப்பாவில் பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். இறங்குவதால்தான் சூடாகிறது என்று 1866இல் கணக்கோடு விளக்கியவர் ஒஸ்திரிய வானிலையாளர் யூலியஸ் ஃபொன் ஹான்.

பாடப்புத்தகப் படம் இதோடு நின்றுவிடும், அதையும் அப்படியே நம்பக் கூடாது. காற்று ஏறும் பக்கத்தில் ஒரு துளி மழை பெய்யாமலே இந்தக் காற்று சூடாக வீசும் நாட்கள் உலகின் பல மலைகளில் பதிவாகியிருக்கின்றன. கீழ்மட்ட ஈரக்காற்று மலையில் முட்டித் தேங்கிவிட, மேலே ஏற்கெனவே உலர்ந்திருந்த காற்று முகட்டைத் தாண்டிக் கீழே விழுவதுண்டு. சீட்டே பிடிக்காதவரும் இறக்கத்தில் முழு வரவு வாங்கலாம் என்று அர்த்தம். அண்டார்டிக்காவில் நடந்த ஆய்வுகள் இந்த இரண்டு வழிகளோடு காற்றுக் கலப்பையும் நேர் வெயிலையும் தனித்தனியே பிரித்துக் காட்டின.

இந்தக் காற்று ஊவாவில் எதன் மேல் வீசுகிறது? பத்தனைப் புல்வெளி, ஆளுயர மானாப்புல், கைவிடப்பட்ட தேயிலைக் காணிகளை மூடிய கினிப்புல். இவற்றோடு 1970களிலும் 80களிலும் அதிகமாக நடப்பட்ட பைனஸ் மரங்கள். பைனஸ் ஊசியிலைகள் பிசின் நிறைந்தவை, எளிதில் உக்காதவை. மெத்தை போல் குவிந்து கிடக்கும். காய்ந்த புல்லைத் தீயணைப்பாளர்கள் ஒரு மணி நேர எரிபொருள் என்று வகைப்படுத்துகிறார்கள். காற்றின் வறட்சி மாறினால் அந்தப் புல்லின் ஈரமும் ஒரு மணி நேர அளவில் மாறிவிடும். காலைப் பனியில் நனைந்த புல் நண்பகலுக்குள் எரியத் தயாராகிவிடுகிறது.

இப்படிப்பட்ட சரிவில் தீயை எதிர்கொள்கிறவர்கள் யார்? பச்சைக் கொப்புகளை முறித்துக்கொண்டு வரிசையாக நின்று அடிக்கும் தோட்டத் தொழிலாளர்கள், கிராமத்தார், இராணுவத்தினர், வனவளப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஊழியர்கள். அவர்கள் அறிந்திருக்க வேண்டியது ஓரிடத்துப் பாடம் இன்னோரிடத்தில் செல்லாது என்பது.

உலகம் முழுவதும் முதலில் கற்பிக்கப்படும் பாடம், தீ மேல்நோக்கி ஓடும் என்பது. சுவாலை மேலேயுள்ள புல்லை நோக்கிச் சாய்ந்து அதை முன்கூட்டியே உலர்த்திவிடும். சரிவு 10 பாகை கூடினால் வேகம் இரட்டிக்கும் என்பது அவுஸ்திரேலியர்களின் கைக்கணக்கு. தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் 2018 மார்ச் 11ஆம் திகதி நடந்தது இந்தப் பாடத்தின் மிகக் கொடிய வடிவம். கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரை, காய்ந்த புற்சரிவில் ஓடிவந்த தீ சூழ்ந்துகொண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விமானப்படை வந்தது உண்மை. அதற்கு முன்பே இருட்டில் ஏறிப்போய், போர்வையில் தூளி கட்டிக் காயப்பட்டவர்களைச் சுமந்தவர்கள் உள்ளூர் மக்களும் வனத்துறையினரும்.

1949 ஓகஸ்ட் 5ஆம் திகதி அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் பராசூட்டில் இறங்கிய தீயணைப்பாளர்கள், துரத்திவந்த தீயிலிருந்து தப்பப் புற்சரிவில் மேலே ஓடினார்கள். குழுத் தலைவர் வாக் டொட்ஜ் ஓட்டத்தை நிறுத்தி, தன் முன்னாலிருந்த புல்லைத் தானே கொளுத்தி, அது கருகியதும் அந்தச் சாம்பலுக்குள் முகங்குப்புறப் படுத்தார். மற்றவர்களையும் கூப்பிட்டார். யாரும் வரவில்லை. 13 பேர் இறந்தார்கள், டொட்ஜ் பிழைத்தார். ஏற்கெனவே எரிந்த நிலத்தில் தீக்குத் தின்ன எதுவும் இல்லை என்ற எளிய உண்மை, ஓடும் கால்களுக்குப் புரிய நேரம் இருக்கவில்லை.

ஊவாவில் இந்த முதல் பாடமே புரண்டுவிடும். இங்கே காற்று முகட்டிலிருந்து கீழே வீசுகிறது. சரிவு தீயை மேலே இழுக்க, காற்று கீழே தள்ளுகிறது. காற்று வலுத்தால் தீ இறக்கத்தில் ஓடிவரும். தளர்ந்தால் சட்டென்று திரும்பி மேலே ஏறும். கீழே நின்று கொப்பால் அடிப்பவருக்கும் மேலே நிற்பவருக்கும் ஒரே பிற்பகலில் ஆபத்து இடம் மாறும்.

இதற்கு மிக நெருங்கிய உதாரணம் ஹவாயில் இருக்கிறது. 2023 ஓகஸ்ட் 8ஆம் திகதி லஹைனா நகரம் எரிந்து 102 பேர் இறந்தார்கள். அதுவும் மலைக்கு மறுபக்கத்து ஊர். அங்கும் கைவிடப்பட்ட பெருந்தோட்டக் காணி. கரும்பாலை 1999இல் மூடப்பட்டது. அங்கும் வயல்களை மூடியிருந்தது அதே கினிப்புல். அங்கும் மலையிலிருந்து இறங்கி வீசிய காற்று. காலையில் பற்றிய ஒரு சிறு தீயை அணைத்துவிட்டதாக நினைத்துத் தீயணைப்பாளர்கள் நகர்ந்த பிறகு, மிச்சத் தணல் பிற்பகலில் மீண்டும் மூண்டது என்று விசாரணை முடிவு சொல்கிறது. வீடுகளின் குழாய்கள் எரிந்து நீர் வெளியேற, தீயணைப்புக் குழாய்களில் அமுக்கம் விழுந்தது. தங்கள் சொந்த வீடுகள் எரிவதை அறிந்தபடியே வேலையைத் தொடர்ந்தவர்கள் அந்தத் தீயணைப்பாளர்களில் இருந்தார்கள். நம் பைனஸ் காடுகளின் ஊசியிலை மெத்தைக்கு அடியிலும் தணல் அப்படித்தான் கிடக்கும். சுவாலை அடங்கியதும் வீடு திரும்புவது வேலையைப் பாதியில் விடுவது.

தொலைக்காட்சி விரும்பிக் காட்டுவது ஹெலிகொப்டர். நம் விமானப்படையின் பெல் 212, தொங்கும் வாளியில் ஆயிரம் லீற்றர் அளவு நீரைக் கொண்டுவந்து கொட்டும்போது பார்ப்பவர்கள் கைதட்டுகிறார்கள். கணக்கு இதுதான்: ஆயிரம் லீற்றர் நீர் ஒரு துளி வீணாகாமல் முழுவதும் ஆவியானாலும், அது உறிஞ்சும் வெப்பம் ஏறத்தாழ 140 கிலோ காய்ந்த புல் எரிந்தால் வருமளவு. அடர்ந்த மானாப்புல்லில் அது ஒரு சிறு வீட்டுவளவுக்கும் போதாது. கொட்டும் நீர் தீயின் முகத்தைச் சில நிமிடம் தணிக்கும். அந்தச் சில நிமிடத்துக்குள் மண்வெட்டியோடு உள்ளே போக ஆட்கள் தயாராக நின்றால் பயன் உண்டு, இல்லையென்றால் இல்லை. ட்ரோன், செயற்கை நுண்ணறிவுக் கமரா எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான்: புகையைக் கண்டு சொன்ன பிறகு மேலே ஏறிப்போவது யார், அவர் காலில் என்ன போட்டிருக்கிறார்?

இந்தக் காற்று தேதி சொல்லிவிட்டு வருவது. சித்திரை மழையில் வளர்ந்த புல் வைகாசியில் பச்சையாக நிற்கும்போதே தீத்தடுப்பு வெட்டுகளை அகலமாக எடுக்கலாம். பைனஸ் ஊசிகளை வாரி அகற்றலாம். கொப்போடு அனுப்பப்படும் தோட்டத்தாருக்கு நல்ல சப்பாத்தும் கையுறையும் ஒரு நாள் பயிற்சியும் கொடுக்கலாம். ஓகஸ்ட்டில் வாளி தூக்கச் செலவாகும் பணத்தின் ஒரு பங்கு மே மாதத்திலேயே பதுளை, மொனராகலை மாவட்டங்களுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

யூன் முதல் செப்டெம்பர் வரை எல்ல மலைக்கோ நமுனுகுலப் பக்கமோ ஏறப் போகிறவர்கள், அங்கே அடுப்பும் மூட்ட வேண்டாம், சிகரெட்டும் பற்றவைக்க வேண்டாம். கீழே புகை கண்டால் புற்சரிவிலும் ஓடைப் பள்ளத்திலும் மேலே ஓடாதீர்கள். ஏற்கெனவே கருகிய நிலம், வெறும் பாறை, தேயிலைப் பாத்தி இவற்றில் எது பக்கத்தில் இருக்கிறதோ அங்கே பக்கவாட்டில் நகருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.