விழப்போகிற பல்தானே!

"விழப்போகிற பல்தானே!" என்று எங்கள் கும்மிடிப்பூண்டியில் சொல்லிவிடுவார்கள். அக்காள் சிப்காட்டில் இரவு வேலைக்குப் போய்விட்டால், அவளுடைய மூன்று வயது மகன் சர்க்கரைப் பால் புட்டியை வாயில் வைத்தபடியே உறங்குவான். மேல் முன்பற்கள் நான்கும் அரித்துக் கறுத்தன. கீழ்ப்பற்களை நாக்கு மூடிக் காத்தது.

அவை விழ ஏழு வயதாகும். அதுவரை எதைக் கொண்டு கடிப்பான்?

சென்னையில் 1953-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். நரம்பு கெட்ட பல்லின் வேரைச் சுத்தம் செய்து, துத்தநாக ஆக்சைடைக் கிராம்பெண்ணெய்ச் சத்தில் குழைத்து அடைத்தனர். (பாட்டி வைக்கும் அதே கிராம்பு!) அப்பசை வேரோடு மெல்லக் கரைந்து நிலைப்பல்லுக்கு வழிவிடும். பிறகு, பல் வடிவச் செல்லுலாய்டு உறையில் பிசின் கலவையை நிரப்பிப் பொருத்தினர்; நீல ஒளியில் அது இறுகியதும் உறையை உரித்தனர்.

இப்போது புட்டியில் தண்ணீர்தான்.