ஹெமிங்வே போன வேட்டை

1933 டிசம்பர். அமெரிக்க எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே, மனைவி பாலினுடன் ஆப்பிரிக்காவின் மொம்பாசா துறைமுகத்தில் வந்து இறங்கினார். வேட்டைச் செலவு பாலினின் பணக்கார உறவினருடையது. வழிகாட்டி பிலிப் பெர்சிவல். தியோடர் ரூஸ்வெல்ட்டையே வேட்டைக்கு அழைத்துப் போனவர்.

அங்கே வேட்டையில் எதிர்ப்படும் ஆப்பிரிக்கக் காட்டெருமை லேசுப்பட்டதல்ல. கடாவின் எடை 800 கிலோவைத் தொடும். இரு கொம்புகளும் நெற்றியில் கூடிக் கவசமாகிவிடும். குண்டடி பட்டதோ, புதரில் பதுங்கி, தேடி வருபவர்மீதே பாயும்.

ஹெமிங்வேயைச் சாய்த்தது என்னவோ சீதபேதிதான்! நைரோபிக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள்.

1936-இல் அவர் எழுதிய சிறுகதையிலும் ஒரு தம்பதி, ஒரு வழிகாட்டி, சீறி வரும் எருமை. மனைவி சுடுகிறாள், குண்டு கணவனின் தலையில் பாய்கிறது. தவறியா, வேண்டுமென்றா? வாசகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். படித்தபோது பாலின் என்ன நினைத்தாரோ!